கோட்டில் உட்காராத அடி

திருவொற்றியூரில் ஒரு மாடி அறை. கீழே லேத் பட்டறை, மேலே ஒலிப்பதிவுக்கூடம். சுவர் முழுக்க முட்டை அட்டையும் ஸ்பாஞ்சும் ஒட்டியிருந்தார்கள். அப்படியும் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரி ஒன்று ஹார்ன் அடித்தால் அந்த டேக் போச்சு. மூன்று டேக் அப்படிப் போய், நான்காவது தேறியது.

டோலக் வாசித்தவருக்கு அறுபது வயதிருக்கும். காதில் ஹெட்ஃபோன், அதில் ‘டிக் டிக்’ என்று கிளிக். வாசித்து முடித்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த இளைஞர் அந்த ஒலியைத் திரையில் பெரிதாக்கினார். ஒவ்வொரு அடியும் ஒரு சின்ன மலை மாதிரி நின்றது. மலைகளுக்கு ஊடே சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள். சில மலைகள் கோட்டின் மேலேயே நின்றன. பல, ஒரு மயிரிழை தள்ளி நின்றன. “சூப்பர்ணா. கொஞ்சம் உக்கார வச்சிட்றேன்” என்று சொல்லி ஒரு விசையை அழுத்தினார். எல்லா மலைகளும் நகர்ந்து கோட்டில் போய் உட்கார்ந்துவிட்டன.

திருத்தியதைப் போட்டுக் காட்டினார். பெரியவர் கடைசிவரை கேட்டார். “அடி என்னுதுதான் தம்பி. நடை என்னுது இல்ல” என்றார். இளைஞருக்குப் புரியவில்லை. “கிளீனா இருக்கேண்ணா” என்றார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. அடி சுத்தமாகத்தான் இருந்தது. நடை மாறித்தான் போயிருந்தது. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. குரலின் சுதியைக் கம்ப்யூட்டர் திருத்துவது பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். காலத்தைத் திருத்துவது பற்றிப் பேச்சே இல்லை. இன்று வெளிவரும் பாட்டுகள் பலவற்றில் அது நடக்கிறது, கேட்பவருக்குத் தெரியாமலேயே.

முதலில் கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு போகும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே அரை நொடி, அதாவது 500 மில்லிசெகண்ட். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125. ‘குவான்டைஸ்’ என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் வேலை இவ்வளவுதான்: அடிக்கப்பட்ட ஒலி எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதன் மேல் கொண்டுபோய் வைப்பது. பத்து, இருபது மில்லிசெகண்ட் நகர்த்தினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றலாம். தெரியும். வேகமாக வரும் அடிகளுக்கு நடுவே ஒரே ஒரு அடி சுமார் 6 மில்லிசெகண்ட் இடம் மாறினால்கூடக் காது கண்டுகொள்கிறது என்று ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரிபெரியும் சுந்த்பெரியும் 1995இல் அளந்து காட்டினார்கள். காது கண்டுகொள்ளும், ஆனால் வாய் சொல்லாது. ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்பதோடு நின்றுவிடும்.

இந்தத் திருத்தத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ரோஜர் லின். 1980இல் அவர் வெளியிட்ட எல்.எம்.-1 என்ற டிரம் மெஷினில், விரலால் தட்டியதைக் கோட்டில் சேர்க்கும் வசதி இருந்தது. 1988இல் அவர் அக்காய் நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்.பி.சி. 60இல் அந்த வசதிக்கு வைத்த பெயரே ‘நேரத் திருத்தம்’. பெயரைக் கவனிக்க வேண்டும். திருத்தம் என்றால் அதற்கு முன் இருந்தது பிழை என்றாகிறது. ஆனால் லின் அதே கருவியில் ‘ஸ்விங்’ என்று இன்னொரு வசதியும் வைத்தார். இரண்டாவது அடியை வேண்டும் அளவுக்குத் தள்ளிப்போடும் வசதி அது. சமமாக வைத்தால் மட்டும் நடை வராது என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் முதல் வசதியை எடுத்துக்கொண்ட வேகத்தில் இரண்டாவதை எடுத்துக்கொள்ளவில்லை.

நம் நாட்டுக்கும் இயந்திர நேரம் சீக்கிரமே வந்துவிட்டது. பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிரம் மெஷினையும் சின்தசைசர்களையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் சீண்டவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்தப் பதிவு பிடிக்கும். இயந்திரத்தை மனிதன்போல வாசிக்க வைக்க அவர் முயலவில்லை. இயந்திரம் இயந்திரமாகவே ஓட, அதன் மேல் ராகம் வளைந்து போகிறது. திருத்தம் வேறு, இயந்திர இசை வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைக் குறை சொல்லவில்லை.

கோடம்பாக்கத்தில் நடந்தது வேறு கதை. எழுபதுகளின் சென்னை ஸ்டூடியோக்களில் பாடகரும் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே கூடத்தில் நின்று ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். யாராவது தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் மூச்சைப் பார்த்து வாசித்தார்கள். நேரம் என்பது அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. 1983இல் மிடி என்ற பொது மொழி வந்து கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளத் தொடங்கின. 1986இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் இளையராஜா கம்ப்யூட்டரைத் தாளத்துக்குள் கொண்டுவந்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது, ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். கூடத்தில் இருந்த உடன்பாடு கிளிக்குக்குக் கைமாறியது.

இந்த இரண்டு மேதைகளும் இயந்திரத்தை அடிமைப்படுத்தி வேலை வாங்கினார்கள். சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் திறந்த வழியில் பின்னால் வந்த கூட்டத்துக்கு இயந்திரமே எஜமானானது.

வடசென்னையின் கானா திரைக்குள் பெரிதாக நுழைந்ததும் அதே தொண்ணூறுகளில்தான். 1996இல் ‘காதல் கோட்டை’யில் தேவா தன் குரலிலேயே பாடிய ‘கவலைப்படாதே சகோதரா’ பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடிய ‘வாள மீனுக்கும்’, 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவின் பாட்டுகள், பிறகு 2021இல் ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி கம்மிங்’கில் அனிருத்தோடு கானா பாலச்சந்தர் என்று அந்த வரிசை நீண்டது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு ஆகிய இடங்களின் குரல் இவ்வாறு ஊரெங்கும் போனது. ஆனால் குரல் போனதுபோல அதன் காலம் போனதா?

கானாவின் காலம் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து பாடும் பாட்டு அது. டோலக் இல்லாவிட்டால் பெஞ்சு, அதுவும் இல்லாவிட்டால் தீப்பெட்டி. பாடகர் முதலில் தாளமில்லாமல் தொகையறா இழுப்பார். இறந்தவர் பெயரை, அவர் பார்த்த வேலையை, விட்டுப்போன பிள்ளைகளைச் சொல்லி இழுப்பார். கூட்டத்திலிருந்து ஒரு விசும்பலோ ஒரு ‘ஆமாப்பா’வோ வரும்வரை நிறுத்தி வைப்பார். அது வந்த கணத்தில் டோலக் விழும். அந்த நிறுத்தம் எவ்வளவு நேரம் என்று எந்தத் தாளமும் சொல்லாது. எதிரில் இருப்பவர்தான் சொல்வார். கிளிக்கோடு பதிவு செய்யும்போது அந்த நிறுத்தமும் இரண்டு தாள வட்டமோ நான்கு தாள வட்டமோ என்று கணக்குக்குள் வந்தாக வேண்டும். நான் கேட்ட பல ஸ்டூடியோ கானாக்களில் தொகையறா முடிந்த அடுத்த தட்டிலேயே அடி விழுந்துவிடுகிறது. விசும்புவதற்கு இடமில்லை.

அடுத்தது சாவு ஊர்வலம். ‘சட்டி’ என்ற சிறு மேளமும் மற்ற மேளங்களும் தெருவில் போகும்போது முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் பத்து மீட்டர் இடைவெளி சாதாரணம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. பத்து மீட்டருக்கு 30. ஆகவே தெருவில் நிற்கும் யாருக்கும் எல்லா அடியும் ஒரே கணத்தில் கேட்டதே கிடையாது. கொஞ்சம் முன்னும் பின்னுமாக, அகலமாக விழும் அடிதான் அந்த இசையின் இயல்பான உடல். பத்துக் கருவிகளைத் தனித்தனியே பதிவு செய்து பத்தையும் ஒரே கோட்டில் வைத்தால் வருவது தெருவில் எங்குமே கேட்க முடியாத ஒலி. கூர்மையாக இருக்கும், அகலமாக இருக்காது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் அந்த மாடி அறைச் சிக்கலின் வேர் தெரியும். அன்று பெரியவர் வாசித்தது குத்துப்பாட்டின் அடி, குத்தடி; அதன் நடை ஆறு. அதாவது ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிகிறது. ஏட்டில் அப்படி. டோலக்கில் தேர்ந்த கை வாசிக்கும்போது அந்த மூன்றும் சமமாக நிற்பதில்லை. நடு அடி ஒரு பக்கம் சாய்கிறது. மூன்றாகப் பிரித்தால் கொஞ்சம் மிச்சம், நான்காகப் பிரித்தால் கொஞ்சம் குறை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் அந்த அடி ஒவ்வொரு முறையும் தவறாமல் போய் விழுகிறது. கம்ப்யூட்டரோ திருத்துவதற்கு முன் கேட்கிறது: மூன்றா, நான்கா? இளைஞர் மூன்று என்று தேர்ந்தார். நான்கு என்று தேர்ந்திருந்தாலும் இதே கதிதான். பெரியவர் வாசித்த இடம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தான் விட்ட பிழைகளை யாரோ சரிசெய்ததாக அவருக்குத் தோன்றவில்லை. தன் பேச்சை யாரோ வேறு ஊர் வழக்கில் எழுதிவிட்டதாகத்தான் தோன்றியது. ‘நடை என்னுது இல்ல’ என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். என் மனம் விரும்பிய விடை முதலில் கிடைக்கவில்லை.

அமெரிக்க இசை மானுடவியலாளர் சார்லஸ் கெயில் 1987இல் ஒரு கருத்தை வைத்தார். இசைக்கு உயிர் தருவது கலைஞர்களுக்கு இடையே உள்ள மிகச் சிறிய முரண்கள்தான்; இருவர் துல்லியமாக ஒன்றிப்போனால் கேட்பவர் நுழைய இடமிருக்காது என்பது அதன் சாரம். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் 1998இல் பெர்க்லியில் முடித்த முனைவர் பட்ட ஆய்விலும் அதைத் தொடர்ந்த கட்டுரைகளிலும் இதை உடலோடு இணைத்தார். தாளம் உடம்பிலிருந்து வருகிறது. காலால் மிதித்துக் கையால் தட்டும் பழக்கத்தின் தடம், டிரம் செட்டில் கையடி சற்றே பிந்தி விழுவதில் இருக்கலாம் என்று அவர் எழுதினார். படித்தபோது காசிமேட்டில் வலை இழுத்தவர்களின் அம்பாப் பாட்டு நினைவுக்கு வந்தது. ‘ஐலசா’வுக்கும் இழுப்புக்கும் நடுவே ஒரு மூச்சு இருக்கும். அந்த இடைவெளியின் அளவை வலையில் ஏறிய எடைதான் தீர்மானிக்கும்.

இவ்வளவு அழகான கருத்தைப் பிறகு சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2013இல் மேத்யூ டேவிஸ் குழுவினர் ஜாஸ், ஃபங்க், சாம்பா தாளங்களில் நுண்ணிய விலகல்களை ஏற்றிக் கேட்க வைத்தார்கள். விலகல் கூடக் கூட, ஆட வைக்கும் உணர்வு குறைந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஃப்ருஹாஃப், கோபீஸ், பிளாட்ஸ் மூவரும் செய்த சோதனையிலும் கோட்டில் சரியாக உட்கார்ந்த டிரம் தாளமே அதிக மதிப்பெண் பெற்றது. 2016இல் சுவிட்சர்லாந்தின் ஒலிவியே சென் குழு, தேர்ந்த கலைஞர்கள் வாசித்ததை அப்படியே ஒரு முறையும், முழுக்கத் திருத்தி ஒரு முறையும், விலகலை ஊதிப் பெரிதாக்கி ஒரு முறையும் போட்டுக் காட்டியது. முதல் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பெரிதாக்கியதுதான் பிடிக்காமல் போனது.

அப்படியானால் பெரியவர் சொன்னது வெறும் பிரமையா? இல்லை. இந்தச் சோதனைகள் மறுப்பது ஒன்றை மட்டுமே: விலகல் என்பது தன்னளவில் அழகு என்ற நம்பிக்கையை. தாறுமாறாக அடித்தால் உயிர் வந்துவிடும் என்று எந்த வாத்தியக்காரரும் சொன்னதில்லை. மென்பொருளில் ‘ஹியூமனைஸ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. சமமான அடிகளைக் கண்டபடி கலைத்துவிடும். அதைக் கேட்டால் மனிதன் வாசித்ததுபோல இருக்காது. மோசமான வாசிப்பாக இருக்கும். ஜெர்மனியின் ஹோல்கர் ஹென்னிக் குழு 2011இல் இதற்குக் காரணத்தைக் காட்டியது. தேர்ந்தவரின் விலகல்கள் தொடர்பற்றவை அல்ல. இப்போதைய சிறு பிந்தல் நெடுநேரம் கழித்து வரும் அடிகள்வரை எதிரொலிக்கிறது. அப்படித் தொடர்புள்ள விலகலையும் குருட்டுத்தனமான விலகலையும் கேட்க வைத்தபோது, கேட்டவர்கள் தொடர்புள்ளதையே விரும்பினார்கள். 2022இல் அதே நாட்டில் நெலியாஸ், கைசல் ஆகியோர் ஜாஸ் தனி வாசிப்பை ஆராய்ந்து, தட்டில் விழும் சுரங்கள் மட்டும் சுமார் 30 மில்லிசெகண்ட் பிந்துவதையும், எதிர்த்தட்டில் விழுபவை பிந்தாததையும் கண்டார்கள். வாசிப்பவர்களே அறியாமல் கடைப்பிடித்த ஒழுங்கு அது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய திறப்பாக இருந்தது ரைனர் போலக்கின் ஆய்வு. மாலி நாட்டு ஜெம்பே மேளத்தை அவர் பல ஆண்டுகள் அளந்தார். அங்கே தட்டின் உட்பிரிவுகள் சமமானவை அல்ல. ஒன்று குறுகியது, ஒன்று நீண்டது. அந்தச் சமமின்மையைக் குழுவில் உள்ள எல்லோரும் வியக்கத்தக்க துல்லியத்தோடு ஒன்றுபோல வாசிக்கிறார்கள். சமமான கோட்டிலிருந்து அவர்கள் விலகுவதாகச் சொல்வது தவறு என்கிறார் போலக். அவர்களுடைய கோடே வேறு. நீலகிரியில் கோத்தர் பழங்குடியினரின் ‘கொள்’ என்ற குழல் இசையை ஆராய்ந்த ரிச்சர்ட் உல்ஃப் இதற்கு அக்கம்பக்கமான ஒன்றைச் சொல்கிறார். மெட்டும் மேளமும் ஒவ்வோர் அடியிலும் பிணைந்து போவதில்லை; சில இடங்களில் மட்டும் நங்கூரம் பாய்ச்சிக்கொண்டு நடுவே தளர்ந்து ஓடுகின்றன. துறைமுகத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நங்கூரமிட்ட கப்பலும் அசையத்தான் செய்யும்.

ஆகவே ‘மனிதனா, இயந்திரமா’ என்பது தவறான கேள்வி. யாருடைய கோடு என்பதே சரியான கேள்வி. சோதனைக்கூடத்தில் சமமான கோட்டுக்கு மதிப்பெண் கூடியது என்றால், அங்கே வாசித்ததும் சமமான கோட்டைத் தாயாகக் கொண்ட இசை. அந்த விடையைக் குத்தடிக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. குத்தடியை அளக்க நம் பல்கலைக்கழகங்களின் இசைத் துறைகள் முன்வர வேண்டும். ஒரு நல்ல மைக்கும் ஒரு கம்ப்யூட்டரும் ஊர் ஊராகப் போகும் பொறுமையும் இருந்தால் போதும்.

துல்லியம் மேற்கிலிருந்து வந்த நோய் என்று நினைக்கவும் கூடாது. இதே திருவொற்றியூரில் திரிபுரசுந்தரி மேல் தியாகராஜர் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பய்யரும் குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யரும் இந்த ஊரோடு சேர்த்தே பேசப்படுகிறவர்கள். அந்த மரபில் காலப்பிரமாணம் அசையாமல் நிற்பது பெரிய சிறப்பு. எடுத்த வேகத்தைக் கடைசிவரை பிடிக்காதவரை லய ஞானம் இல்லாதவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த நிலைத்த காலத்தின் மேல் பாடகர் சாகித்யத்தை முன்னே தள்ளுவார், பின்னே இழுப்பார். தட்டுக்கு முன்பே எடுப்பதற்கும் தட்டுக்குப் பின் எடுப்பதற்கும் அதீதம், அனாகதம் என்று பெயரே வைத்திருக்கிறோம். தட்டு அசையாது, பாட்டு அசையும். இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டவைக்கும் வழக்கம் அங்கேயும் இல்லை.

இசைக்கு வெளியே ஓர் உதாரணம், இதே பேட்டையிலிருந்து. திருவொற்றியூரில் 1950களிலிருந்து செய்யப்பட்ட என்ஃபீல்ட் புல்லட்டின் சத்தம் தெருக்கோடியிலேயே தெரியும். பழைய எஞ்சினில் பொறி விழும் நேரத்தை ‘பாயிண்ட்’ என்ற சின்ன இயந்திர உறுப்புதான் தீர்மானித்தது. நிறுத்தி வைத்து ஐடிலில் ஓடவிட்டால் அந்த ‘டப் டப்’ சமமாக வராது. ஒன்று தயங்கும், அடுத்தது பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் ஸ்குருவைத் திருப்பிக் காதாலேயே அந்த நடையைக் கொண்டுவருவார். 2009 வாக்கில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு புதிய எஞ்சின்கள் வந்தன. உதைத்த உதையில் ஸ்டார்ட் ஆனது, புகை குறைந்தது. எல்லா வகையிலும் நல்ல வண்டி. அப்படியும் பழைய ஆட்கள் ‘பீட் போச்சு’ என்றார்கள். வண்டிக்கு நான் புதிய எஞ்சினையே தேர்வேன். வேலைக்குப் போக வேண்டும். பாட்டு வேலைக்குப் போவதற்கல்ல. அதனால் அந்தக் கணக்கு பாட்டுக்குப் பொருந்தாது.

கம்ப்யூட்டர் இந்தப் பகுதிக்குச் செய்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். முன்பு ஒரு பாட்டைப் பதிவு செய்யக் கோடம்பாக்கம் போக வேண்டும், வாடகை கட்ட வேண்டும், வாசிப்பவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இன்று கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு பையன் லேப்டாப்பும் ஒரு மைக்கும் வைத்துத் தன் தெருவின் பாட்டை வெளியிட முடிகிறது. டோலக் ஆள் கிடைக்காதபோது, பதிவான துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பை வைத்துக்கொள்கிறான். அந்த லூப்பிலும் யாரோ ஒருவரின் கை இருக்கிறது. ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் 1970இல் வந்த ஒரு பாட்டில் வாசித்த சில நொடித் துண்டு அமெரிக்க ராப் இசையை ஆண்டுக்கணக்கில் சுமந்தது. லூப்பில் நடை சாவதில்லை. ஒரே கணத்தில் உறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். நேரத் திருத்தமும் பல இடங்களில் உதவியே. கை நழுவிய ஓர் அடிக்காக நல்ல டேக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. காசில்லாத பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

மனிதரும் மின்கருவிகளும் சேர முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. ஒரே மேடையில் சட்டி, கட்டமேளம், பறை, கிட்டார், டிரம் செட். ராயபுரத்திலிருந்து வந்த இசைவாணி அங்கே கானா பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சட்டிக்காரரின் காலமும் டிரம்மரின் காலமும் வேறு வேறு பள்ளிகளில் படித்தவை. மேடையில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து ஓர் இடத்தில் சந்தித்தார்கள். பழைய ஸ்டூடியோக் கூடத்தில் இருந்த அதே உடன்பாடு. எந்தப் பொத்தானும் அதைச் செய்து தராது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், கிளிக்கைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் பாடகரும் டோலக்காரரும் கிளிக் இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து பதிவு செய்யட்டும். அவர்கள் போன வேகத்தைக் கம்ப்யூட்டரே கண்டறிந்து, கோடுகளை அவர்களுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் வசதி இன்று பல மென்பொருள்களில் இருக்கிறது. பாட்டு கடைசிச் சரணத்தில் கொஞ்சம் ஓடினால் கோடும் சேர்ந்து ஓடட்டும். மற்றக் கருவிகளை அந்தக் கோட்டில் உட்கார வைக்கலாம். நல்ல கை ஒன்றின் நடையை அச்செடுத்து வைத்து, மூன்று, நான்கு என்பவற்றோடு அதையும் பட்டியலில் சேர்க்கலாம். திருத்தியே ஆக வேண்டும் என்றால் நூற்றுக்கு நூறு இழுக்காமல் பாதி தூரம் இழுத்து நிறுத்திக் கேட்டுப் பார்க்கலாம். பார்ப்பது என்று சொன்னேன், அதுதான் முக்கியமான தவறு: பார்க்கக் கூடாது. திரையை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். கோட்டுக்கும் மலைக்கும் நடுவே இடைவெளி தெரிந்துவிட்டால் காது சொல்வதைக் கண் மறுத்துவிடும்.

அன்று அந்த மாடி அறையில் நான் இளைஞரிடம் ஒன்று கேட்டேன். திருத்துவதற்கு முந்தைய டேக் இருக்கிறதா? திருத்தியதன் மேலேயே சேமித்துவிட்டதாகச் சொன்னார். பெரியவர் அதற்குள் டோலக்கை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். திருத்துங்கள், வெட்டுங்கள், வேண்டியபடி செய்யுங்கள். அசல் டேக்கை மட்டும் அழிக்காதீர்கள். வாசித்தவர் பெயர், தெரு, தேதி மூன்றையும் எழுதி ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். சாவு வீடுகளில் இரவு முழுக்க வாசித்துக் கை பழுத்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். நல்ல தரத்தில் பதிவான ஒரு மணி நேர ஸ்டீரியோ வாசிப்பு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ ஒரு ஜி.பி.